ஒழுக்கம் எழுதுகிறவனுக்கு மட்டும்தானா?

“ஆராய்ச்சியில் ஒழுக்கம் கெட்டுவிட்டது” என்ற புலம்பல் இப்போது எங்கும் கேட்கிறது. காப்பியடிக்கிறார்கள், பொய்க் கணக்கு எழுதுகிறார்கள், காசு கொடுத்துக் கட்டுரை வாங்குகிறார்கள், உழைக்காதவன் பெயரைச் சேர்த்துக் கொள்கிறார்கள் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்படுகின்றன. 2019-ம் ஆண்டு முடிவில் பல்கலைக் கழக மானியக் குழு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் பிரசுர ஒழுக்கம் பற்றிய பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. மாணவன் படிக்கிறான், உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்தும் போடுகிறான்.

இந்த உபதேசிகளின் முன்வரிசையில் நிற்பவர்கள் யார்? விஞ்ஞானப் பத்திரிகைகளை வெளியிடும் பெரிய கம்பெனிகள். எழுதுகிறவன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒழுக்கம் வேண்டும். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. பொய்யான ஆராய்ச்சி ஆளைக் கொல்லும். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம்: பொய் சொன்ன மாணவனுக்குப் பட்டம் போகிறது, வாத்தியாருக்கு வேலை போகிறது. பொய்யை அச்சடித்து விற்றவனுக்கு என்ன போகிறது? உண்மையைப் பூட்டி வைத்து விலை கேட்கிறவன் எந்த ஒழுக்கப் பாடத்தில் பரீட்சை எழுதினான்?

“காலேஜ் வாசலை மிதிக்காத உங்களுக்கு இதில் என்ன வேலை?” என்று யாரும் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற ஜனங்களின் பணம். அந்த ஆராய்ச்சியை நம்பித் தரப்படும் மருந்து அதே ஜனங்களின் வயிற்றுக்குள் போகிறது. பணமும் நம்முடையது, உடம்பும் நம்முடையது என்றால், கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இன்னொருவனுடையதா?

பூட்டிக் கிடந்த எச்சரிக்கை

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஓர் ஏழை நாடு. 2014-ல் அங்கே எபோலா என்ற கொடிய காய்ச்சல் பரவியது. லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நோயாளியைத் தொட்டுப் பராமரித்த நர்சுகளும் டாக்டர்களும் அதில் உண்டு. “இந்த நோய் இந்தப் பிரதேசத்துக்கே புதிது, யாரும் எதிர்பார்க்கவில்லை” என்று உலகம் முழுவதும் சொன்னார்கள்.

2015 ஏப்ரலில் லைபீரிய சுகாதார இலாகாவின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னீஸ் டான் உள்ளிட்ட மூவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு சங்கதி வெட்ட வெளிச்சமாயிற்று. 1982-லேயே ஜெர்மன் விஞ்ஞானிகள் லைபீரிய கிராமத்து ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்து, எபோலா தொற்றின் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள். எபோலா பரவும் பிரதேசங்களில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் எழுதியும் இருக்கிறார்கள்.

ரத்தம் லைபீரிய விவசாயியுடையது. ஆனால் கட்டுரையை எழுதியவர்களில் ஒரு லைபீரியர் கூட இல்லை. எச்சரிக்கை லைபீரியாவுக்கு வந்து சேரவும் இல்லை. நோய் வந்து, பிணம் விழுந்து, ஊரே சுடுகாடான பிறகும் அத்தகைய கட்டுரை ஒன்றைப் படிக்க 45 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அது அங்கே ஒரு டாக்டருக்கு அரை வாரச் சம்பளம் என்று அந்த மூவரும் எழுதினார்கள்.

விலை ஒன்றே இத்தனை சாவுக்கும் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை, பயிற்சி இல்லை. உள்நாட்டு யுத்தத்தில் நாசமான தேசம் அது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூலி கேட்கிறவன் நல்லவன் என்று எந்த நீதி நூலும் சொல்லாது. கட்டுரையில் ஒரு வரியைக் காப்பியடித்தால் குற்றம்; எச்சரிக்கையைப் பூட்டி வைத்தால் அது வியாபாரமா?

யார் உழைப்பு? யார் லாபம்?

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைத் தொழிலாளித் தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒரு விஞ்ஞானி ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்கிறார். சம்பளம், கருவி, ரசாயனம், கட்டடம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சர்க்கார் பணம். முடிவைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். கம்பெனி அவருக்கு ஒரு காசு கொடுப்பதில்லை. அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று விஞ்ஞானிகளுக்குக் கட்டுரை போகிறது. அவர்கள் படித்து, குறை நிறை சொல்லி, போடலாமா வேண்டாமா என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. 2020 என்ற ஒரே ஆண்டில் உலக விஞ்ஞானிகள் இந்தப் பரிசீலனை வேலைக்குச் செலவிட்ட நேரம் 10 கோடி மணிக்கும் அதிகம் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பத்து கோடி மணி நேர உழைப்பு!

கட்டுரை ஏற்கப்பட்டதும் என்ன நடக்கிறது? பெரும்பாலான சந்தாப் பத்திரிகைகளில், எழுதியவர் தமது உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவர் வேலை பார்க்கும் அதே கல்லூரியின் நூல் நிலையம், சர்க்கார் பணத்தைக் கொண்டே, அதே கட்டுரையை விலைக்கு வாங்க வேண்டும்.

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன், களை பறித்து, அறுத்து, அடித்துத் தூற்றியவன் ஒருவன். கண்டுமுதல் கண்டதும் நெல் முழுவதும் மிராசுதார் பத்தாயத்தில் போய் விழுகிறது. மறுநாள் உழுதவனே படி நெல்லுக்குக் காசு எடுத்துக் கொண்டு பத்தாயத்து வாசலில் வந்து நிற்கிறான். இந்த மிராசுதார் நிலம் கூடக் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்!

இந்த வழியில் பணம் பண்ணலாம் என்று முதலில் கண்டு கொண்டவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ராபர்ட் மாக்ஸ்வெல். 1951-ல் அவர் கைக்கு வந்த பெர்கமான் பிரஸ் புதுப்புதுப் பத்திரிகைகளை ஆரம்பித்துக் கொண்டே போயிற்று. சூட்சுமம் சிறியது. அரிசி விலை ஏறினால் ஜனங்கள் கேழ்வரகு வாங்குவார்கள். ஒரு கட்டுரைக்குப் பதில் இன்னொரு கட்டுரை ஆகுமா? ஆகாது. ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. விலை எவ்வளவு ஏறினாலும் நூல் நிலையம் வாங்கியே தீர வேண்டும். வாங்குகிற விஞ்ஞானியின் பணமும் போவதில்லை. போவது பொதுப் பணம்.

1991-ல் மாக்ஸ்வெல் அந்தக் கம்பெனியை எல்ஸ்வியர் என்ற டச்சுக் கம்பெனிக்கு 44 கோடி பவுனுக்கு விற்றார். அதே ஆண்டு நவம்பரில் தம் உல்லாசப் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். இறந்த பிறகு கணக்கைப் பிரித்தால், அவரிடம் வேலை பார்த்த பத்திரிகைத் தொழிலாளர்களின் பென்ஷன் நிதியில் 40 கோடி பவுனுக்கு மேல் காணவில்லை! விஞ்ஞானிக்குக் கூலி கொடுக்காமல் வளர்ந்த கை, கிழத் தொழிலாளியின் சேமிப்பையும் விட்டு வைக்கவில்லை.

எல்ஸ்வியரின் இன்றைய சொந்தக்காரர் ரெல்க்ஸ் என்ற கம்பெனி. 2023-ல் அதன் விஞ்ஞான, மருத்துவப் பிரிவின் வரவு சுமார் 306 கோடி பவுன். லாபம் சுமார் 116 கோடி பவுன். நூறு பவுன் வந்தால் 38 பவுன் லாபம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறினால் லாபத்துக்கு என்ன குறைச்சல்?

தரத்தின் காவலர்களா?

“லாபம் சம்பாதிப்பது உண்மை. ஆனால் நாங்கள்தான் தரத்தைக் காக்கிறோம். பதரை நீக்கி மணியைத் தருகிறோம்” என்பது கம்பெனிகளின் முதல் வாதம். காத்த லட்சணத்தைப் பார்ப்போம்.

1998 பிப்ரவரியில் லண்டன் லான்செட் பத்திரிகை, ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் முதல் பெயராக இருந்த ஒரு கட்டுரையை வெளியிட்டது. மொத்தம் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்ற குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பீதியை அது கிளப்பிற்று. தாய்மார்கள் பயந்தார்கள். இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக் கொண்ட குழந்தைகளின் விகிதம் 2003-04-ல் 80 சதவிகிதத்துக்கு இறங்கியது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகி வந்த வக்கீல்களிடம் அந்த டாக்டர் பணம் வாங்கிய விவரத்தை வெளியே கொண்டு வந்தவர் யார்? ‘தரத்தின் காவலர்’ அல்ல. பிரையன் டீர் என்ற ஒரு செய்தி நிருபர். 2004-ல் கட்டுரையில் கையெழுத்திட்டிருந்த 13 பேரில் 10 பேர் அதன் முடிவிலிருந்து விலகிக் கொண்டார்கள். அப்போதும் கட்டுரை அப்படியே நின்றது. முழுமையாக வாபஸ் ஆனது 2010 பிப்ரவரியில். பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய ஒரு பொய்யை இறக்கி வைக்கப் பன்னிரண்டு வருஷம்!

இன்னொரு சங்கதி இதைவிட வெட்கக் கேடானது. 2009-ல் ஆஸ்திரேலியக் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. மெர்க் என்ற மருந்துக் கம்பெனியின் வயாக்ஸ் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்டு மாரடைப்பு வந்தவர்கள் போட்ட வழக்கு. அந்த மாத்திரை 2004 செப்டம்பரிலேயே சந்தையிலிருந்து வாபஸ் ஆகிவிட்டது. வழக்கில் ஒரு பத்திரிகை வெளிப்பட்டது. எலும்பு, மூட்டு வைத்தியப் பத்திரிகை என்று பெயர். அட்டை, அமைப்பு எல்லாம் அசல் விஞ்ஞானப் பத்திரிகை போலவே. வெளியிட்டது எல்ஸ்வியரின் ஆஸ்திரேலியக் கிளை. பணம் கொடுத்தது மெர்க்! அந்தச் சேதி பத்திரிகையில் எங்கும் சொல்லப்படவில்லை. டாக்டர்கள் அதை ஆராய்ச்சி என்று நம்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2000 முதல் 2005 வரை இப்படி ஆறு பத்திரிகைகளை வெளியிட்டதாக எல்ஸ்வியரே பிறகு ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

எழுதுகிறவன் தனக்குப் பணம் கொடுத்தவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஒழுக்க விதி. நல்ல விதி. விதியை எழுதி வைத்த கம்பெனியே பணம் கொடுத்தவன் பெயரை மறைத்துப் பத்திரிகையே நடத்தினால், வேலியே பயிரை மேய்ந்த கதை அல்லவா?

இதே வயாக்ஸ் மாத்திரைக்குப் புகழ் தேடித் தந்த கட்டுரை 2000 நவம்பரில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அதை நடத்துவது லாபக் கம்பெனி அல்ல, டாக்டர்களின் சங்கம். மூன்று மாரடைப்புச் சம்பவங்கள் கட்டுரையில் விடப்பட்டிருந்தன என்று பத்திரிகை கவலை தெரிவித்தது எப்போது? 2005 டிசம்பரில், மாத்திரை வாபஸ் ஆகி ஒரு வருஷம் கழிந்த பிறகு. அதற்குள் அந்தக் கட்டுரையின் மறுபிரதிகள் ஒன்பது லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டன. வாங்கியதில் பெரும் பகுதி மெர்க் கம்பெனி, டாக்டர்களுக்கு விநியோகிக்க. ஆகவே, நடத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது மட்டும் பிரச்னை அல்ல. பிரசுரம் சரக்காகி, அதை வாங்குகிறவன் மருந்து வியாபாரியும் ஆகிவிட்டால், திருத்தம் போடுவது கல்லாவுக்கு நஷ்டம். டாக்டர்களின் சங்கமானாலும் கல்லா கல்லாதான்.

உண்மையான காவல் எது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2020 மே 22-ல், கோவிட் காலத்தில், லான்செட் மறுபடியும் ஒரு கட்டுரை போட்டது. 96,000 நோயாளிகள், 671 ஆஸ்பத்திரிகள் என்று பெரிய கணக்கு. அதை நம்பி உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு மருந்துச் சோதனையையே நிறுத்தி வைத்தது. கணக்கின் மூலத்தை யாரும் பார்க்கவில்லை; பரிசீலித்தவர்களுக்கும் அது காட்டப்படவில்லை. பல நாட்டு விஞ்ஞானிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, மூலக் கணக்கைக் காட்டு என்றார்கள். காட்ட முடியவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை வாபஸ் ஆயிற்று. அன்று பன்னிரண்டு வருஷம், இன்று பதின்மூன்று நாள். இந்த வேகம் கம்பெனியின் கருணையால் வந்ததா? பலர் படித்தார்கள், பலர் கேட்டார்கள், பகிரங்கமாகக் கேட்டார்கள். அதனால் வந்தது. திறந்து வைத்தால்தான் பொய் சீக்கிரம் பிடிபடும். பூட்டி வைப்பது தரத்துக்கே விரோதம்.

வாசலில் வாங்குவது, கொல்லையில் வாங்குவது

பூட்டுக்கு எதிர்ப்பு வலுத்ததும் கம்பெனிகள் வேறு வழி கண்டன. “சரி, படிப்பவனுக்கு இலவசம், எழுதுகிறவன் கட்டணம் கட்டட்டும்” என்றன. வாசலில் வாங்கியதைக் கொல்லைப் பக்கம் வாங்குவது என்று அர்த்தம். 2021 ஜனவரியில் நேச்சர் பத்திரிகை இந்த முறைக்கு வைத்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ! நம் நாட்டு ஆராய்ச்சி மாணவனின் உபகாரச் சம்பளத்தை வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தாலும் எட்டாத தொகை.

கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வந்தால், கட்டுரை கூடக் கூட லாபம் கூடும். நிராகரித்தால் நஷ்டம். அப்புறம் காவல் எங்கே நிற்கும்? 2021 ஜனவரியில் அமெரிக்க வைலி கம்பெனி, எகிப்தில் தோன்றிய ஹிந்தாவி என்ற வெளியீட்டு நிறுவனத்தை 29 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. “சிறப்பிதழ்” என்ற பெயரில் கட்டுரைகள் குவிந்தன. கட்டுரையை மொத்தமாகத் தயாரித்து விற்கும் கும்பல்கள் உள்ளே புகுந்தன. 2023-ம் ஆண்டில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வாபஸ் வாங்க நேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில், ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. கட்டுரை எழுதியவன் பெயருக்குப் பக்கத்தில் “வாபஸ்” என்ற முத்திரை ஆயுசுக்கும் நிற்கும். கம்பெனி பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடும்.

நம் நாட்டு வெட்கத்தையும் மறைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் இயங்கும் ஓமிக்ஸ் என்ற கம்பெனி, பரிசீலனை நடக்கிறது என்று பொய் சொல்லிக் கட்டணம் பறித்ததாக அமெரிக்க வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. 2019 மார்ச்சில் அங்குள்ள கோர்ட், 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது. பெரிய கம்பெனிகள் இதைக் காட்டி, “பார்த்தீர்களா, நாங்கள் அப்படி அல்ல” என்கின்றன. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். போலிக் கடைக்காரனுக்கு இந்தச் சந்தையை அமைத்துக் கொடுத்தவர் யார்? ஆராய்ச்சிக்கு விலைச் சீட்டு ஒட்டிக் காட்டிய முதல் கடைக்காரர் யார்?

தண்டனை யாருக்கு?

“எது எப்படியானாலும் பொய் எழுதியது ஆராய்ச்சியாளன்தானே?” என்பது இரண்டாவது வாதம்.

எழுதினான். அவனை நாம் நியாயப்படுத்த மாட்டோம். காசு கொடுத்துத் தன் பெயரைக் கட்டுரையில் சேர்த்துக் கொள்ளும் பேராசிரியரும், மாணவன் உழைப்பில் முதல் பெயராக ஏறி உட்காரும் வழிகாட்டியும் உழைப்புத் திருடர்களே. அதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி வாத்தியாரை இந்தச் சந்தைக்குத் துரத்தியது யார் என்றும் கேட்க வேண்டும்.

2010-ல் மானியக் குழு, ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு வைத்தது. கட்டுரை ஒன்றுக்கு இத்தனை புள்ளி. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் இருக்கும் ஆசிரியரும் புள்ளி காட்ட வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவன் ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதி 2009 முதல் இருந்து, 2022-ல்தான் எடுக்கப்பட்டது. மானியக் குழு தானே அங்கீகரித்த பத்திரிகைப் பட்டியலில் போலிகள் புகுந்து, 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 பத்திரிகைகளை நீக்க நேர்ந்தது. பிறகு வேறு பட்டியல் போட்டது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்து, பொறுப்பைக் கல்லூரிகளின் தலையில் தள்ளிவிட்டது.

கருவி இல்லை, நேரம் இல்லை, புள்ளி மட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைத் தெருவில் புள்ளி விற்கிறவனையும் நடமாட விட்டால் என்ன நடக்கும்? நடந்ததைத்தான் பார்க்கிறோம். குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் மூவர்: பொய் எழுதியவன், பொய் எழுதத் தூண்டும் கணக்கை வைத்தவன், பொய்யை விற்றவன். இன்று ஏற்றப்படுவது முதலாமவன் ஒருவனே.

ஆறாயிரம் கோடி

“கவலை வேண்டாம், சர்க்காரே சந்தா கட்டிவிட்டது” என்பது கடைசி வாதம். 2024 நவம்பர் 25-ல் மத்திய மந்திரி சபை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு அனுமதி தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளர்கள், சுமார் 13,000 பத்திரிகைகள். சர்க்கார் நடத்தும் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் உள்ளவர்கள் படிக்கலாம்.

பெரிய பல்கலைக் கழகத்தில் மட்டும் கிடைத்தது சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்கிறது. இது நல்லது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் பூட்டு திறந்ததா? இல்லை. வருஷத்துக்கு 2,000 கோடி ரூபாய் வாடகைக்குச் சாவி வாங்கியிருக்கிறோம். 2027 டிசம்பருக்குப் பிறகு கம்பெனிகள் கேட்கும் விலை என்ன? முதல் கட்டத்துக்கு வெளியே நிற்கும் தனியார் கல்லூரி மாணவனுக்கு என்ன வழி? ஜில்லா தலைநகரில் தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு? ஆலையில் எந்த ரசாயனம் நெஞ்சைப் பிடிக்கிறது என்று தெரிந்து கொள்ள விரும்பும் தொழிற்சங்கத்துக்கு? அவர்களும் வரி கட்டியவர்கள்தானே?

ஒரு கையால் 6,000 கோடி வாங்கும் கம்பெனிகள் மறு கையால் என்ன செய்கின்றன? கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் என்ற பெண் 2011-ல் சை-ஹப் என்ற இணைய நிலையத்தை ஆரம்பித்து, பூட்டிய கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிட்டார். நம் நாட்டு மாணவர்கள் ஏராளமாக அதில் படித்தார்கள். எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க ரசாயன சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்த நிலையத்தைத் தடுக்கக் கோர்ட் உத்தரவிட்டது. சட்டம் சட்டமாக இருக்கட்டும். ஒரு மாணவன் ஆராய்ச்சி படிக்கச் சுவரேறிக் குதிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்விக்கு எந்த உத்தரவும் பதில் ஆகாது.

வேறு வழி இல்லையா?

“செலவு யார் செய்வது? நாங்கள் இல்லாவிட்டால் விஞ்ஞானமே நின்றுவிடும்” என்று பூச்சாண்டி காட்டுகிறார்கள். நிற்காது. பிரேசில் நாடு 1998-ல் பொதுப் பணத்தில் சைலோ என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, தன் நாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளை யாரும் படிக்கும்படி திறந்து வைத்தது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பல அதில் சேர்ந்தன. நம் நாட்டிலேயே, சி. வி. ராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவிய விஞ்ஞானக் கழகம் தன் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 1993-ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஒழுக்கப் பத்திரிகை, எழுதுகிறவனிடமும் படிக்கிறவனிடமும் காசு வாங்காமல் நடந்து வருகிறது. ஒழுக்கம் பற்றிப் பேசும் யோக்கியதை இவர்களுக்கு உண்டு.

கூலியில்லாமல் உழைத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் எல்ஸ்வியரின் நியூரோஇமேஜ் என்ற மூளை ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஆசிரியர் குழுவினர் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம் அநியாயம், குறை என்று கேட்டார்கள், கம்பெனி மறுத்தது. வெளியே வந்து, ஒரு பல்கலைக் கழகப் பதிப்பகத்தோடு சேர்ந்து புதுப் பத்திரிகை தொடங்கினார்கள். வேலை நிறுத்தம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சுக் கம்பெனி இல்லாமல் விஞ்ஞானிகள் பத்திரிகை நடத்தலாம். விஞ்ஞானிகள் இல்லாமல் கம்பெனி ஒரு பக்கம் கூட நடத்த முடியாது.

நாம் கோருவது

ஆகவே நாம் கோருகிறோம்:

ஒன்று: பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி எதுவானாலும், வெளியான அன்றே யாரும் காசின்றிப் படிக்கும்படி இருக்க வேண்டும். உரிமையைக் கம்பெனிக்கு எழுதித் தரும் ஒப்பந்தத்தைப் பொதுப் பணம் பெறும் எந்த நிலையமும் ஏற்கக் கூடாது.

இரண்டு: 6,000 கோடியில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு, என்ன ஷரத்தில் என்ற முழுக் கணக்கையும், 2027-ல் அடுத்த ஒப்பந்தம் போடுமுன் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு நம் நாட்டுப் பத்திரிகைகளைத் தரமாக நடத்த வேண்டும்.

மூன்று: கட்டுரை பொய் என்று நிரூபணமானால் எழுதியவன் மட்டுமன்றி வெளியிட்டவனும் பதில் சொல்ல வேண்டும். வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். புகார் வந்த தேதியும் நடவடிக்கை எடுத்த தேதியும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

நான்கு: ஆசிரியரைக் கட்டுரை எண்ணிக்கையால் எடை போடும் புள்ளிக் கணக்கு ஒழிய வேண்டும். நன்றாகப் பாடம் நடத்துவதும் உழைப்புதான்.

ஐந்து: ஆராய்ச்சி யாருடைய ரத்தத்தில், யாருடைய ஊரில் நடந்ததோ, அந்த ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் முடிவைச் சொல்ல வேண்டும். இதை ஒழுக்க விதிகளில் முதல் விதியாக எழுத வேண்டும்.

இதில் எதுவும் ஆகாத காரியம் அல்ல. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுபட்டுக் கேட்டால், வரி கட்டும் ஜனங்கள் பக்கத்தில் நின்றால், ஆகும். ஒழுக்கப் பாடத்தில் மாணவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதே காகிதத்தைக் கம்பெனி முதலாளியின் மேஜைக்கு எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

லைபீரியாவுக்கான எச்சரிக்கை முப்பது வருஷத்துக்கு மேல் எட்டாத இடத்தில் கிடந்தது. நமக்கான எச்சரிக்கை இன்று எந்தப் பத்தாயத்தில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பிணம் விழுந்த பிறகு சாவி தேடக் கூடாது.